படகை வாங்கும் முன் கரையைப் பாருங்கள்: நகரப் படகுத்துறை அமைக்க ஒரு முழு வழிகாட்டி

கொச்சியில் வாட்டர் மெட்ரோ என்னும் நகரப் படகுப் போக்குவரத்து 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய பிறகு, ஆற்றோரத்திலும் காயலோரத்திலும் இருக்கும் ஊர்களெல்லாம் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்கின்றன. பேச்சு எப்போதும் படகிலிருந்தே தொடங்குகிறது. மின்கலமா டீசலா, எத்தனை இருக்கை, ஏசி உண்டா? என் கணக்கில் இருப்பதிலேயே சுலபமானது படகுதான். நல்ல கப்பல் கட்டும் தளத்தில் பணம் கட்டினால் வந்து நின்றுவிடும். ஆளும் சரக்கும் கரையேறும் அந்த முப்பது நாற்பது மீட்டரில்தான் திட்டம் பிழைப்பதும் படுப்பதும்.

அதனால் இந்த வழிகாட்டியில் படகு பற்றி அதிகம் இல்லை. உதாரணங்களைப் பெரும்பாலும் கொச்சியிலிருந்தே எடுக்கிறேன். பயணிப் படகு, வண்டிகளை ஏற்றிச் செல்லும் ரோ-ரோ, உர ஆலைக்குப் போகும் பார்ஜ் என்னும் தட்டையான சரக்குப் படகு, மீனவர் வள்ளம், கடற்படைக் கப்பல் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஊர் அது. அங்கே சரியாக நடந்ததும் சிக்கலானதும் நமக்குப் பாடம்.

1. சாலை எங்கே சுற்றுகிறது என்று பாருங்கள்

வரைபடத்தை விரித்து, நீரின் இரு கரையிலும் மக்கள் அன்றாடம் போய்வரும் இடங்களைக் குறியுங்கள். நேர்கோட்டுத் தொலைவுக்கும் சாலைத் தொலைவுக்கும் வித்தியாசம் எங்கே பெரிதாக இருக்கிறதோ, அங்கேதான் படகுக்கு வேலை. சாலைக்கு இணையாக ஆற்றோடு நீளமாகப் போகும் வழித்தடம் பார்க்க அழகாக இருக்கும். பேருந்தோடு போட்டியிட்டால் பெரும்பாலும் தோற்கும்.

ஃபோர்ட் கொச்சியும் வைப்பினும் காயல் முகத்துவாரத்தின் இரு பக்கமும் எதிரெதிரே நிற்கின்றன. படகில் சில நிமிடம். சாலையில் போனால் தோப்பும்படி, வில்லிங்டன் தீவு, எர்ணாகுளம், கோஸ்ரீ பாலங்கள் என்று ஊரையே சுற்ற வேண்டும். 2018 முதல் அங்கே ஓடும் 'சேது சாகர்' ரோ-ரோ படகுகளுக்கு விளம்பரமே தேவைப்படவில்லை. ஸ்கூட்டரும் ஆட்டோவும் காரும் தாமாகவே வரிசையில் நின்றன.

பாலம் வந்தால் படகு செத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதிதான் உண்மை. 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறந்ததும் வைப்பின் மக்கள் பேருந்துக்கு மாறினார்கள். ஆனால் அந்தப் பேருந்துகள் நகருக்குள் நுழைய நெடுங்காலம் அனுமதி இல்லை. எர்ணாகுளம் ஹைகோர்ட் சந்திப்பில் இறங்கி வேறு பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது. வாட்டர் மெட்ரோவின் முதல் வழித்தடம் ஹைகோர்ட்–வைப்பின் என்று அமைந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆட்கள் ஏற்கெனவே இறங்கி மாறும் இடத்தில் துறை போட்டால், புதிதாகப் பழக்கம் கற்றுத்தர வேண்டியதில்லை.

கணக்கெடுப்புக்கு ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையை மட்டும் நம்பாதீர்கள். வேலை நாள் காலையிலும் மாலையிலும், ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் இரு கரையிலும் ஆள் நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கையோடு, கையில் என்ன கொண்டு வருகிறார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மீன்கூடை, சைக்கிள், குழந்தை வண்டி, எரிவாயு சிலிண்டர். துறையின் வடிவத்தை இந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கப் போகிறது.

2. நீரை ஒரு வருடம் கவனியுங்கள்

ஜனவரியில் பார்த்த காயல் ஜூலையில் இருக்காது. குறைந்தது ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பார்த்துவிட வேண்டும்.

ஆழத்துக்கு ஒரு எளிய வாய்பாடு உண்டு. முழுச் சுமையில் படகு அமிழும் அளவு, அதற்குக் கீழே அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் இடைவெளி, அடுத்த தூர்வாரல் வரை படியப்போகும் சேற்றின் அளவு. மூன்றையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை, ஆண்டின் மிகத் தாழ்ந்த வற்றத்தின்போதும் துறையடியில் இருக்க வேண்டும். மூன்றாவது எண்ணைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திறப்பு விழாவன்று கம்பீரமாக நின்ற துறை இரண்டே வருடத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

கொச்சியில் மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை பாய்பாயாக மிதந்து வரும். கூடவே பிளாஸ்டிக் பைகளும் அறுந்த வலைத் துண்டுகளும். படகை உந்தும் சுழலியில் சிக்கினால் படகு நட்டாற்றில் நின்றுவிடும். துறையை நீரோட்டம் குப்பையைத் தள்ளிச் சேர்க்கும் மூலையில் வைக்காதீர்கள். எந்த மூலை என்று தெரிய, கரையில் டீக்கடை வைத்திருப்பவரைக் கேட்டால் போதும்.

மீனவர்களிடம் முதல் மாதமே போய்ப் பேசுங்கள். கொச்சிக் காயலில் சீன வலைகள் எல்லோர் கண்ணிலும் படும். ஊன்றி வலைகள் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. நீரோட்டம் நல்லபடி ஓடும் இடத்தில்தான் கழி நட்டு அதைக் கட்டுவார்கள், படகுத் தடத்துக்கும் அதே இடம் பிடிக்கும். தடத்தைச் சில மீட்டர் நகர்த்தினால் தீரக்கூடிய தகராறு, பேசாமல் விட்டால் நீதிமன்றம் வரை போகும். வேகமாக ஓடும் படகின் அலை சிறு வள்ளங்களைக் கவிழ்க்காதிருக்க, வாட்டர் மெட்ரோ படகுகள் இரட்டை உடல் வடிவத்தில் அலுமினியத்தால் கட்டப்பட்டவை. வடிவம் மட்டும் போதாது, வேகக் கட்டுப்பாடும் வேண்டும்.

கப்பல் தடத்தைக் குறுக்கே வெட்டும் வழி என்றால் துறைமுக நிர்வாகத்தின் ஒப்புதல் இல்லாமல் ஓர் அடிகூட வைக்க வேண்டாம். ஃபோர்ட் கொச்சியில் 2015 ஆகஸ்டில் பயணிப் படகின்மேல் மீன்பிடி விசைப்படகு மோதிப் பல உயிர்கள் போயின. முகத்துவாரத்தில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இரு தரப்பிலும் படகோட்டுபவர்களுக்கு அது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

3. கரைக்கும் படகுக்கும் நடுவே

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். பழைய ஜெட்டிகளில் கல்படி இருக்கும். நீர் ஏறினால் மேல்படி, இறங்கினால் பாசி பிடித்த கீழ்ப்படி. முதியவர் ஒருவர் கையைப் பிடித்து இறக்கிவிட ஆள் தேடுவார். சக்கர நாற்காலிக்கு வழியே கிடையாது. கொச்சியின் புதிய டெர்மினல்களில் மாற்றியதெல்லாம் இந்த ஒன்றைத்தான் என்று சொன்னாலும் மிகையில்லை. துறைமேடை மிதக்கிறது. நீரோடு ஏறும், நீரோடு இறங்கும். படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டம்.

மிதவைக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு சாய்பாலம் வேண்டும். அதன் நீளத்தை நீர்தான் சொல்லும். சக்கர நாற்காலி சிரமமின்றி ஏற, ஒரு மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளம் என்பது பொதுவான விதி. கொச்சியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்குவதால், 12 மீட்டர்ப் பாலத்தில் வேலை முடிந்துவிடும். மும்பையில் பெருநீர் நாட்களில் வித்தியாசம் நான்கைந்து மீட்டர் வரும். அதே விதிப்படி 60 மீட்டர்ப் பாலம் வேண்டும். கொச்சி வரைபடத்தை அப்படியே மும்பையில் போட முடியாது. அங்கே பாலத்தை மடக்கி மடக்கிக் கொண்டுபோக வேண்டும், அல்லது மின்தூக்கி வைக்க வேண்டும், அல்லது வற்றத்தின்போது சரிவு கடுமையாக இருக்கும் என்று ஒப்புக்கொண்டு உதவிக்கு ஆள் போட வேண்டும்.

மிதவையை நீருக்குள் நட்ட தூண்களில் வளையம் மாட்டி நிறுத்துவது நல்லது. தூணின் உயரம் வெள்ளக் கணக்குப்படி இருக்கட்டும். 2018 ஆகஸ்டில் கேரளம் கண்ட வெள்ளத்துக்குப் பிறகு, சாதாரணப் பெருநீரை மட்டும் வைத்துத் தூண் உயரம் முடிவு செய்பவரை நான் பொறியாளர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

4. எத்தனை படகு நிற்க இடம் வேண்டும்?

ஒரு படகு துறையில் செலவிடும் நேரத்தை, இரண்டு படகுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியால் வகுங்கள். ஆள் இறங்க இரண்டு நிமிடம், ஏற மூன்று நிமிடம். டீசல் படகு என்றால் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு படகு வந்தாலும் ஓரிடம் போதும்.

மின்படகு வந்தால் கணக்கு மாறும். கொச்சிப் படகுகளில் லித்தியம் டைட்டனேட் வகை மின்கலம் இருப்பதால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறிவிடுகிறது. அப்படியும் துறையில் நிற்கும் நேரம் இருபது நிமிடமாகிறது. பத்து நிமிட இடைவெளிக்கு இரண்டு இடம், பழுதானதை ஒதுக்க இன்னொன்று, ஆக மூன்று. மூன்று மிதவை என்றால் கரையின் நீளமும் செலவும் கூடவே ஏறும்.

மின்சாரத்தையும் இப்போதே பாருங்கள். நூறு யூனிட்டை கால் மணி நேரத்தில் ஏற்ற 400 கிலோவாட் வேண்டும். இரண்டு படகு சேர்ந்து நின்றால் 800. அதற்கு உயரழுத்த இணைப்பும் தனி டிரான்ஸ்பார்மரும் தேவை. அந்த டிரான்ஸ்பார்மர் வெள்ள மட்டத்துக்கு மேலே, ஆட்கள் நடமாடாத பக்கம் இருக்க வேண்டும். மின்வாரியத்துக்கு மனு போடும் வேலை, படகு டெண்டருக்கு முன்பே முடிந்திருக்கட்டும்.

காத்திருக்கும் கூடத்தை ஒரு படகு தவறிப்போனதாக வைத்து அளவிடுங்கள். நூறு பேர் ஏறும் படகு ஒன்று வராவிட்டால் 200 பேர் நிற்பார்கள். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்றால் 200 சதுர மீட்டர். இறங்குபவர் வழியும் ஏறுபவர் வழியும் குறுக்கிடவே கூடாது.

ஏறுபவர்களை எண்ணும் வாயில் கட்டாயம். கேரளத்தின் படகு விபத்து வரலாறு கொடியது. 2009இல் தேக்கடியில் 45 பேர் இறந்தனர். வாட்டர் மெட்ரோ தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் 2023 மே 7 அன்று, தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். வாட்டர் மெட்ரோவில் படகுக்கு அனுமதித்த ஆள் எண்ணிக்கை நிறைந்ததும் வாயில் தானாக மூடிக்கொள்கிறது. கெஞ்சினாலும் மிரட்டினாலும் இயந்திரம் திறக்காது. ஊழியர் ஒருவர் அந்த இடத்தில் நின்றால் இதே உறுதி இருக்கும் என்று சொல்ல முடியாது.

5. சரக்கு: நீரில் இடமுண்டு, தெருவில் இல்லை

சரக்குப் போக்குவரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பார்ஜ் இத்தனை லாரிக்குச் சமம் என்று ஆரம்பிப்பார்கள். நூறு டன் பார்ஜ் பத்து டன் லாரி பத்துக்குச் சமம்தான். அந்த நூறு டன் கரையேறிய பிறகு என்ன ஆகும்? பழைய ஊர்த் தெருவில் நுழையக்கூடியது டாடா ஏஸ் மாதிரி சிறுவண்டி. ஒன்று முக்கால் டன் சுமக்கும் என்று வையுங்கள். நூறு டன்னுக்கு 130 நடைக்கு மேல். காலை இரண்டு மணி நேரத்துக்குள் அந்தத் தெரு அத்தனையைத் தாங்காது. மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்பினாலும் இரண்டு மணி நேரத்தில் நாற்பது வண்டி, 30 டன்தான். ஆகவே உங்கள் துறையின் சரக்குத் திறன் 30 டன். பார்ஜையும் பளுதூக்கியையும் அதற்கேற்ப வாங்குங்கள்.

எந்தச் சரக்கு நீருக்கு ஏற்றது? கனமானது, தினமும் ஒரே அளவில் போவது, இரண்டு மணி நேரம் தாமதித்தாலும் கெடாதது. அரிசி, சிமென்ட், பானங்கள், சிலிண்டர், கட்டட இடிபாடு, குப்பை. கொச்சியில் ஃபாக்ட் உர நிறுவனம் வில்லிங்டன் தீவிலிருந்து உத்யோகமண்டலுக்கு அமோனியாவைப் பார்ஜில் கொண்டுபோனது இந்த வகை. ஆலையே நீரோரம், ஏற்றுமிடமும் நீரோரம், நடுவே லாரியே இல்லை. ஆபத்தான பொருள் ஊர்ச்சாலையில் போகாதது கூடுதல் லாபம். அதே நிறுவனத்தின் மூலப்பொருள் பார்ஜுகள் போய்வந்த சம்பக்கரைக் கால்வாயின் கரையில்தான் வைட்டிலா வாட்டர் மெட்ரோ டெர்மினல் இருக்கிறது.

ஒவ்வொரு முறை கைமாறும்போதும் செலவு ஏறும். மூட்டையாக இறக்கி, அடுக்கி, மறுபடி ஏற்றினால் சாலையிடம் தோற்றுவிடுவீர்கள். கிடங்கில் நிரப்பிய சக்கரக் கூண்டோ சிறு கன்டெய்னரோ கடை வாசல் வரை பிரிக்கப்படாமல் போக வேண்டும். பாரிஸில் ஃப்ரான்ப்ரி அங்காடி நிறுவனம் 2012 முதல் இப்படித்தான் செய்கிறது. நகருக்கு வெளியே போனெய் துறையில் கன்டெய்னர்களைப் பார்ஜில் ஏற்றி, மார்ன், சென் ஆறுகள் வழியே ஈபிள் கோபுரத்துக்கு அருகில் உள்ள லா பூர்தொனே துறையில் இறக்குகிறார்கள். அங்கிருந்து கடைகளுக்கு லாரி.

நெதர்லாந்தின் யூட்ரெக்ட் இன்னும் சுவையானது. அங்கே பழைய கால்வாயோரம் நீர்மட்டத்திலேயே நிலவறைகள் உண்டு. அவற்றில் இப்போது உணவகங்கள். தெரு அந்த நிலவறைகளின் கூரைமேல் போவதால் பாரவண்டிகளுக்குக் கட்டுப்பாடு. நகராட்சியே ஒரு படகு வைத்துப் பீர்ப் பீப்பாய்களை நேரே நிலவறை வாசலில் இறக்குகிறது. 2010 முதல் அதுவும் மின்படகு. கடைசி மைலுக்கு வண்டியே தேவைப்படாத துறை, சரக்குக்காரனின் கனவு.

நமக்கு அந்நியமான யோசனை அல்ல இது. மட்டாஞ்சேரி பஜார் சாலையில் நடந்தால் தெரியும். கிடங்குகளின் முகம் சாலைக்கு, முதுகு காயலுக்கு. கட்டுவள்ளங்கள் பின்பக்கம் வந்து அரிசியும் மலைச்சரக்கும் ஏற்றி இறக்கின, வியாபாரம் முன்பக்கம் நடந்தது. ஆளும் சரக்கும் முட்டிக்கொள்ளவில்லை. லாரி வந்த பிறகு இரண்டும் முன்பக்கமே குவிந்து தெரு அடைத்துக்கொண்டது. உங்கள் ஊரில் இப்படிப் பின்வாசல் கிடங்குகள் மிச்சமிருந்தால், புதுத் துறை கட்டுவதற்கு முன் அவற்றைத் திறக்க முடியுமா என்று பாருங்கள்.

கேரளத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. சுமைத் தொழிலாளர் சங்கங்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும். வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்குக் கேட்கப்படும் 'நோக்குகூலி'யை அரசு 2018 மே முதல் தேதியில் தடை செய்தது. சட்டம் இருக்கிறது என்று நம்பி இயந்திரத்தை இறக்கிவிட்டுப் பிறகு பேசப் போனால் வேலை நடக்காது. பளுதூக்கி ஓட்டவும் கூண்டு தள்ளவும் அவர்களுக்கே பயிற்சி கொடுத்து வேலையும் கொடுப்பதுதான் நியாயம்.

6. ஒரே கரை, வேறு வேறு நேரம்

ஆளையும் சரக்கையும் ஒரே துறையில் வைக்கலாமா? வைக்கலாம், ஒரே சாய்பாலத்தில் மட்டும் வைக்காதீர்கள். இடம் தாராளமாக இருந்தால் சரக்கு நீரோட்டத்தின் கீழ்ப்பக்கமும் பயணி மேல்பக்கமும் இருக்கட்டும். கசியும் எண்ணெயும் குப்பையும் பயணிகள் பக்கம் வராது. இடம் நெருக்கடி என்றால் நேரத்தைப் பிரியுங்கள். லா பூர்தொனேயில் காலையில் கன்டெய்னர் இறக்கி முடித்ததும் துறை நடைபயணிகளுக்குத் திறந்துவிடப்படுகிறது. வேலிகளும் பளுதூக்கியும் நகர்த்தக்கூடியவையாக இருந்தால்தான் இது முடியும். சிமென்ட்டில் பதித்த கிரேன் நாள் முழுக்க இடத்தை அடைத்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த அட்டவணை இது: விடியற்காலை 4 முதல் 6 வரை சரக்கு, 6 முதல் 10 வரை பயணிகள் மட்டும், நண்பகலில் இரண்டாம் சரக்கு, மாலையில் மறுபடி பயணிகள், இரவில் குப்பைப் பார்ஜ். மீன் வரும் ஊர் என்றால் விடியற்காலையை மீன்காரர்களுக்கு விட்டுவிடுங்கள், அவர்களை நகர்த்த முடியாது.

ரோ-ரோவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. வண்டியும் நடப்பவரும் ஒரே சரிவில் இறங்கினால் விபத்து நிச்சயம். நடப்பவருக்குத் தனிப் பாதை, வண்டி இயக்கத்துக்கு முன்பே அவர்கள் இறங்கி முடிக்க ஒரு நிமிடம், இரண்டும் வேண்டும். வண்டி வரிசை நிற்கும் இடத்தையும் துறை வளாகத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசை ஊர்ச்சாலையில் நீண்டு, படகால் வந்த லாபத்தைச் சாலை தின்றுவிடும்.

7. கரையேறியவர் எங்கே போவார்?

வைட்டிலாவில் பேருந்து நிலையம், மெட்ரோ ரயில், படகு மூன்றும் நடக்கும் தொலைவில் இருக்கின்றன. மறுமுனையான காக்கநாட்டில் படகுத்துறைக்கும் இன்ஃபோபார்க் ஐ.டி. வளாகத்துக்கும் நடுவே நடந்து போக முடியாத தூரம். ஐ.டி. ஊழியர் படகில் சுகமாக வந்து, கரையில் ஆட்டோவுக்கு நின்றார். 2025 ஜனவரியில் மெட்ரோ நிறுவனம் இணைப்பு மின்பேருந்துகளை விட்டது. வழித்தடம் திறந்து ஏறக்குறைய இருபது மாதம் கழித்து. முதல் படகு கிளம்பும் நாளிலேயே இணைப்புப் பேருந்தும் கிளம்ப வேண்டும், படகு வரும் நேரத்தோடு அதன் நேரம் கட்டப்பட்டிருக்க வேண்டும். பேருந்துக்கு ஆகும் பணத்தைத் துறைச் செலவிலேயே சேர்த்து எழுதுங்கள்.

வாசலிலிருந்து மிதவை வரை கூரையும் வேண்டும். கேரள மழையில் நாற்பது மீட்டர் திறந்தவெளி, மக்களை மறுநாளே பேருந்துக்குத் திருப்பியனுப்பும்.

சுற்றுலாக் கூட்டத்துக்கும் திட்டமிடுங்கள். ஃபோர்ட் கொச்சி போன்ற துறைகளில் விடுமுறை நாளில் சுற்றிப்பார்க்க வருபவர்களே படகை நிரப்பிவிடுவார்கள், வேலைக்குப் போகிறவர் கரையில் நிற்பார். மாதப் பயணச்சீட்டு உள்ளவர்களுக்குத் தனி வரிசையும் ஒவ்வொரு நடையிலும் சில இருக்கைகளும் ஒதுக்குவது எளிய தீர்வு.

8. அனுமதி, பணம், கட்டும் வரிசை

கடற்கரை ஒழுங்காற்று மண்டல அனுமதி, 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி படகுப் பதிவு, தேசிய நீர்வழி என்றால் நீர்வழி ஆணையம், துறைமுகம், மாநகராட்சி, மின்வாரியம். இதில் எதுவும் மற்றதற்காகக் காத்திருக்காது. கொச்சியில் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகுகள், வாட்டர் மெட்ரோ, மாநகராட்சியின் ரோ-ரோ என்று மூன்று அமைப்புகள் ஒரே நீரில் ஓடுகின்றன. பயணிக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரே பலகையில் எல்லாப் படகு நேரமும், ஒரே அட்டையில் எல்லாக் கட்டணமும் கிடைத்தால் போதும்.

கொச்சித் திட்டம் 38 டெர்மினல், 78 படகு என்று வரையப்பட்டது. செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல், ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடனோடு. முதலில் ஓடியது இரண்டே வழித்தடம். நிலம் கிடைக்கக் கிடைக்க மற்றவை ஒவ்வொன்றாகத் திறந்தன, ஃபோர்ட் கொச்சி 2024 ஏப்ரலில்தான் வந்தது. தாமதம் என்று குறை சொல்லலாம். ஆனாலும் முழுத்திட்டத்துக்கும் நிலம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் கிடைத்த துறைகளில் ஓட்டத் தொடங்கியதைச் சரி என்பேன்.

இன்று பயன்படாத நீர்வழியையும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். சென்னையில் ஒருகாலத்தில் சரக்குப் படகுகள் ஓடிய பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்களை நட்டார்கள். அந்தத் தடத்தில் இனி படகு என்று நினைப்பவர் முதலில் தூண்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

9. முதல் வருடம்

தற்காலிக மிதவை, வாடகைப் படகு, தகரக் கூரை. இந்த மூன்றோடு ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஐந்து விஷயங்களைத் தொடர்ந்து குறியுங்கள்: ஏறியவர் எண்ணிக்கை, ஏற முடியாமல் திரும்பியவர் எண்ணிக்கை, படகு தாமதித்த நிமிடங்கள், சுழலியில் குப்பை சிக்கிய தடவைகள், துறையடியில் ஆழம். கடைசியதை ஒரு கயிறும் ஈயக்குண்டும் வைத்து வாரம் ஒருமுறை அளந்தாலே போதும்.

தூர்வாரும் ஒப்பந்தத்தைக் கட்டுமான ஒப்பந்தத்தோடு சேர்த்துக் குறைந்தது ஐந்து வருடத்துக்குப் போடுங்கள். வாரிய சேற்றை எங்கே கொட்டுவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கண்டல் காட்டில்தான் போய் விழும். சரக்குப் பக்கத்தில் முதல் மழைக்காலம் முடியும் வரை நிரந்தரக் கட்டடம் எதுவும் எழுப்ப வேண்டாம். எந்த வியாபாரி உண்மையில் தொடர்ந்து சரக்கு அனுப்புகிறார், எந்தத் தெரு சிறுவண்டிகளைத் தாங்குகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். அப்போது கிடங்கின் அளவை முடிவு செய்யலாம்.